கொழுந்து வெளுக்கிறதா, அடி இலை ஓட்டையாகிறதா?

கேள்வி: வணக்கம். திருப்பூரில் இருக்கிறோம். வீட்டில் இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத்தில் ஒரு மீன் தொட்டி. கப்பி பன்னிரண்டு, மோலி நாலு. செடிகளில் அமேசான் ஸ்வார்டு, வாலிஸ்னேரியா, அனுபியாஸ், ரொட்டாலா இருக்கின்றன. போர்த் தண்ணீர்தான், டிடிஎஸ் 900 காட்டுகிறது, பிஎச் 8. லைட் தினமும் பத்து மணி நேரம் எரிகிறது. ரொட்டாலாவின் கொழுந்து வெளுத்துப்போய் வருகிறது. ஸ்வார்டின் அடி இலைகளில் பொட்டுப் பொட்டாக ஓட்டை விழுந்து ஓரம் மஞ்சளாகிறது. கடையில் கொடுத்த ஆல்-இன்-ஒன் திரவ உரத்தை பாட்டிலில் போட்டிருந்த அளவில் ஊற்றினேன், பலன் இல்லை என்று இரண்டு மடங்காக்கினேன், இப்போது கண்ணாடி முழுக்கப் பாசி. என் தம்பி மாடித் தோட்டத்துக்கு 19:19:19 வைத்திருக்கிறான், "ஒரு சிட்டிகை போட்டுப் பார் அக்கா" என்கிறான். போடலாமா? வேறு என்ன உரம், எவ்வளவு போட வேண்டும்?

பதில்: போடாதீர்கள். தம்பி சொல்வது தக்காளிச் செடிக்குச் சரி, மீன் இருக்கிற தண்ணீருக்கு ஆகவே ஆகாது. 19:19:19 என்பது நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம் மூன்றுக்கும் அந்த வரிசையில் பாக்கெட்டில் போட்டிருக்கும் சதவீதம். அதில் இருக்கும் நைட்ரஜனில் பெரும்பகுதி யூரியாவாகவும் அம்மோனியமாகவும் இருக்கிறது, யூரியாவும் தண்ணீரில் கொஞ்ச நாளில் அம்மோனியாவாகத்தான் உடையும். உங்கள் தொட்டியில் சரளையும் மேலே விட்ட இடைவெளியும் போக நிஜமான தண்ணீர் 45 லிட்டர்தான் இருக்கும் (ஒரு கன அடி 28.3 லிட்டர், உங்களுடையது இரண்டு கன அடி). அதில் ஒரு கிராம், அதாவது கால் டீஸ்பூன் அளவு போட்டாலே லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் அம்மோனியா நைட்ரஜன் சேர்ந்துவிடும். பிஎச் 7 உள்ள தண்ணீரில் அதில் நூற்றில் ஒரு பங்குகூட நச்சு வடிவத்தில் இருக்காது, பிஎச் 8-ல் நம் ஊர் வெப்பத்துக்கு ஆறேழு பங்கு வரை போய்விடும். உங்கள் தண்ணீர் பிஎச் 8. மோலியும் கப்பியும் மேலே வந்து வாய் பிளக்க அது போதும். டிஏபி, யூரியா, காம்ப்ளக்ஸ் எதுவாக இருந்தாலும் இதே கதைதான், அம்மோனியமோ யூரியாவோ உள்ள எந்த மூட்டையும் தொட்டிப் பக்கம் வர வேண்டாம்.

சரி, இப்போது உங்கள் செடிக்கு வருவோம். கடிதத்திலேயே நீங்கள் முக்கியமான விஷயத்தைச் சொல்லிவிட்டீர்கள், ஆனால் அதைக் கவனிக்காமல் பாட்டிலுக்குப் போய்விட்டீர்கள். ரொட்டாலாவில் வெளுப்பது கொழுந்து, ஸ்வார்டில் கெடுவது அடி இலை. இரண்டும் ஒரே பற்றாக்குறை இல்லை. நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம், மெக்னீசியம் ஆகிய நாலும் செடிக்குள் நகரக்கூடியவை, பற்றாக்குறை வந்தால் செடி தன் பழைய இலையிலிருந்து இவற்றை உருவி கொழுந்துக்கு அனுப்பிவிடும், அதனால் அடி இலை முதலில் கெடும். இரும்பு, கால்சியம், மாங்கனீஸ், போரான் இவை ஒரு இலையில் போய் உட்கார்ந்தால் நகராது, அதனால் குறை கொழுந்தில்தான் தெரியும். எந்த உரம் என்று யோசிப்பதற்கு முன்னால் எந்த இலை என்று பார்ப்பது இதற்குத்தான்.

இன்று ராத்திரி ஒரு வேலை செய்யுங்கள். ரொட்டாலாவின் நுனியில் இரண்டு அங்குலம் கிள்ளி, வெள்ளைத் தட்டில் வைத்து டார்ச் அடித்துப் பாருங்கள். நரம்பு பச்சையாகவும் நரம்புக்கு நடுவில் உள்ள பகுதி வெளிர் மஞ்சளாகவும் இருந்தால் இரும்புச் சத்துக் குறை. இலையே சுருண்டு, நுனி வளைந்து வந்தால் கால்சியத்தைச் சந்தேகப்படலாம், ஆனால் டிடிஎஸ் 900 உள்ள போர்த் தண்ணீரில் அதற்கு வாய்ப்பு மிகக் குறைவு. அப்புறம் ஸ்வார்டின் அடி இலை ஒன்றை வெட்டி எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். குண்டூசியால் குத்தியதுபோல ஆரம்பித்து, ஒவ்வொரு ஓட்டையைச் சுற்றியும் மஞ்சளோ பழுப்போ ஒரு வளையம் இருந்தால் பொட்டாசியம் இல்லை என்று அர்த்தம். வளையம் இல்லாமல் இலையின் சதை மட்டும் சுரண்டப்பட்டிருந்தால் அது மோலியின் வேலையாக இருக்கலாம், பாசி மேய்கிற மீன் அது, கெட்டுப்போய் மெலிந்த இலையைச் சுரண்டித் தின்னும். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் எனக்கு இது பொட்டாசியம் என்றுதான் படுகிறது.

ஏன் இந்த இரண்டு மட்டும்? உங்கள் மீன்களே உரம் போடுகின்றன. நீங்கள் போடும் தீனியில் உள்ள புரதம் கழிவாகி, அம்மோனியாவாகி, ஃபில்டரில் உள்ள பாக்டீரியா அதை நைட்ரேட்டாக மாற்றிவிடும், பாஸ்பேட்டும் தீனியிலிருந்தே வந்துவிடும். பதினாறு மீன் உள்ள இரண்டடித் தொட்டியில் நைட்ரஜனுக்கும் பாஸ்பரஸுக்கும் பெரும்பாலும் பஞ்சம் வராது. தீனியில் பொட்டாசியம் கொஞ்சம்தான், செடியோ அதை நைட்ரஜனுக்கு அடுத்தபடியாகக் கேட்கும். போர்த் தண்ணீரிலும் கால்சியம், மெக்னீசியம், சோடியம் தாராளமாக இருக்கும், பொட்டாசியம் சொற்பம்தான். டிடிஎஸ் மீட்டர் எவ்வளவு உப்பு என்று சொல்லும், எந்த உப்பு என்று சொல்லாது. 900 காட்டுகிறதே, எல்லாச் சத்தும் இருக்கும் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள்.

இரும்பு விஷயம் வேறு. நீங்கள் இரண்டு மடங்கு ஊற்றியும் கொழுந்து பச்சையாகாததற்குக் காரணம் பாட்டிலில் இரும்பு இல்லாதது அல்ல, உங்கள் தண்ணீரில் அது நிற்காததுதான். வெறும் இரும்பு காரத் தண்ணீரில் துருவாகிப் படிந்துவிடும், அதனால் அதைக் கிலேட் என்ற, இரும்பைக் கவ்விப் பிடித்துக் கரைசலிலேயே வைத்திருக்கும் ஒரு பொருளில் பிடித்து வைத்து விற்கிறார்கள். பல பாட்டில்களில் இருப்பது இடிடிஏ (EDTA) கிலேட். பிஎச் 6.5-ஐத் தாண்டினால் அதன் பிடி தளர ஆரம்பித்துவிடும். டிடிபிஏ (DTPA) கிலேட் 7.5 வரை நன்றாகத் தாங்கும். இடிடிஎச்ஏ (EDDHA) என்று ஒன்று இருக்கிறது, அது 9 வரைக்கும் விடாது. உங்கள் பாட்டிலின் பின்பக்கம் பாருங்கள், இடிடிஏ என்று இருந்தால் ஊற்றிய இரும்பில் பெரும்பகுதி செடிக்குப் போகாமல் சரளையில்தான் கிடக்கிறது. இன்னும் மூன்று மடங்கு ஊற்றினாலும் கதை மாறாது.

பாசிக்கு உரத்தை மட்டும் பழி சொல்ல மாட்டேன், லைட்டைத்தான் சொல்வேன். செடிக்கு எவ்வளவு உரம் தேவை என்பதைத் தீர்மானிப்பதே வெளிச்சம். உலர்ந்த செடியின் எடையில் ஏறக்குறைய நாற்பது சதவீதம் கார்பன், அது கரியமில வாயுவிலிருந்து வர வேண்டும், நீங்கள் சிலிண்டர் வைக்கவில்லை. லைட் போட்ட முதல் சில மணி நேரத்தில் தண்ணீரில் இருந்த கொஞ்சநஞ்சம் தீர்ந்துவிடும். வாலிஸ்னேரியா பரவாயில்லை, கடின நீரில் உள்ள பைகார்பனேட்டையே உடைத்துப் பயன்படுத்தத் தெரிந்த செடி, அது உங்கள் தண்ணீரில் நன்றாகவே வரும். ரொட்டாலா திணறும். மிச்சமுள்ள வெளிச்சமும் நீங்கள் ஊற்றிய மிச்ச உரமும் பாசிக்குத்தான். அதனால் ஒரு டைமர் வாங்கி லைட்டை ஆறரை, ஏழு மணி நேரத்துக்குக் குறைத்துவிடுங்கள். சாயங்காலம் நீங்கள் உட்கார்ந்து பார்க்கிற நேரத்தையும் சேர்த்து மதியம் மூன்று முதல் பத்து வரை என்று வைத்துக்கொள்ளலாம். கண்ணாடியில் உள்ளது கட்டியான பச்சைப் புள்ளியாக இருந்தால் பழைய ஏடிஎம் கார்டால் சுரண்டினால் வந்துவிடும். 'லிக்விட் கார்பன்' என்று ஒரு பாட்டில் விற்கிறார்கள், பாசியும் போகும் செடிக்கும் கார்பன் என்பார்கள். அது மருத்துவமனைகளில் கருவிகளைக் கிருமிநீக்கம் செய்யப் பயன்படும் குளூட்டரால்டிஹைடு வகையைச் சேர்ந்த சரக்கு. பாசியைக் கருக்கும், உண்மைதான், கூடவே வாலிஸ்னேரியாவையும் கருக்கும் என்பதால் உங்கள் தொட்டிக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

இனி என்ன வாங்குவது. தம்பி போகும் அதே உரக்கடைக்கே போங்கள், ஆனால் கேட்பது வேறு. சொட்டுநீர்ப் பாசனத்துக்குப் பயன்படுத்தும், நீரில் முழுசாகக் கரையும் 0:0:50 கேளுங்கள், அது பொட்டாசியம் சல்பேட், வெள்ளையாக இருக்கும். சும்மா "பொட்டாஷ்" என்று கேட்டால் சிவப்பாக ஒன்றைத் தருவார்கள், அது பொட்டாசியம் குளோரைடு, வயலுக்குப் போடுவது, கசடும் கிடக்கும், ஏற்கெனவே உப்பான உங்கள் தண்ணீருக்கு இன்னும் குளோரைடு வேண்டாம். பாக்கெட்டில் போட்ட 50 என்பது பொட்டாசியத்தின் அளவு இல்லை, அதை ஆக்சைடாகக் கணக்குப் போட்டு எழுதுவது உரத் தொழிலில் வழக்கம். 0.83-ஆல் பெருக்கினால்தான் நிஜப் பொட்டாசியம், அதாவது சுமார் 41 சதவீதம்.

25 கிராமை எடுத்து அரை லிட்டர் ஆர்ஓ தண்ணீரில் கரையுங்கள். சமையலறைத் தராசு போதும், ஆனால் மெதுவாகத்தான் கரையும், வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்து ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். இதில் ஒரு மில்லி உங்கள் 45 லிட்டரில் அரை பிபிஎம்மைக் கொஞ்சம் ஒட்டி வரும் (பிபிஎம் என்றால் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம்). வாரத்துக்கு 10 மில்லி ஊற்றினால் ஐந்து பிபிஎம் பக்கம், உங்கள் வெளிச்சத்துக்கு அது போதும். அளக்க ஊசி இல்லாத சிரிஞ்ச் ஒன்று மருந்துக் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள், மூடியால் அளப்பது வேண்டாம்.

வாரா வாரம் ஊற்றினால் சேர்ந்துகொண்டே போகாதா என்று கேட்பீர்கள். வாரத்துக்கு மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றினால் போகாது. செடி ஒரு துளிகூட எடுக்காவிட்டாலும், எத்தனை மாதம் ஆனாலும், நீங்கள் ஒரு வாரத்துக்குப் போடும் அளவைப்போல் மூன்று மடங்கைத் தாண்டாது, கணக்கு அப்படித்தான் வரும். பாதித் தண்ணீர் மாற்றினால் இரண்டு மடங்கில் நின்றுவிடும். டாம் பார் என்ற அமெரிக்கர் பிரபலமாக்கிய 'எஸ்டிமேட்டிவ் இண்டெக்ஸ்' முறை முழுக்க இந்தக் கணக்கின் மேல் நிற்பதுதான்: எல்லாச் சத்தையும் தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே போடு, வாரம் ஒருமுறை பாதித் தண்ணீரைக் கொட்டிவிடு, அளந்து பார்க்கும் வேலையே வேண்டாம். அருமையான முறை, ஆனால் அது பலமான வெளிச்சமும் கரியமில வாயு சிலிண்டரும் உள்ள தொட்டிக்கு. அதன் அளவுகளை எங்காவது படித்துவிட்டு உங்கள் தொட்டிக்கு அப்படியே போட்டால் மறுபடி பாசியில்தான் போய் நிற்கும். நீங்கள் அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது தண்ணீர் மாற்றும் ஒழுங்கை மட்டும்.

இரும்புக்கு, 11 சதவீத டிடிபிஏ இரும்புத் தூள் வாங்குங்கள், உரக்கடையில் இல்லாவிட்டால் செடித் தொட்டிச் சாமான் விற்கும் இடங்களில் கிடைக்கும். 5 கிராமைத் தனியாக வேறொரு பாட்டிலில் அரை லிட்டர் ஆர்ஓ தண்ணீரில் கரைத்து, வெளிச்சம் படாமல் வையுங்கள், வெயில் பட்டால் கிலேட் உடைந்துவிடும். 4 மில்லி ஊற்றினால் 0.1 பிபிஎம். வாரத்தில் இரண்டு நாள் ஊற்றுங்கள், உங்கள் பிஎச்சில் அது நெடுநாள் நிற்காது என்பதால் மொத்தமாக ஒரே நாளில் ஊற்றுவதைவிடப் பிரித்து ஊற்றுவது மேல். ஞாயிறு தண்ணீர் மாற்றியதும் பொட்டாசியம், செவ்வாயும் வெள்ளியும் லைட் எரிவதற்குச் சற்று முன் இரும்பு என்று வைத்துக்கொள்ளலாம். பாஸ்பேட் உள்ள எதையும் இரும்போடு ஒரே பாட்டிலில் கலக்காதீர்கள், இரண்டும் பிடித்துக்கொண்டு அடியில் படிந்துவிடும். கையில் உள்ள ஆல்-இன்-ஒன்னைத் தூக்கிப் போட வேண்டாம், மாங்கனீஸ், போரான், துத்தநாகத்துக்காக வாரம் ஒருமுறை, பாட்டிலில் போட்டதில் பாதி அளவு ஊற்றித் தீர்த்துவிடுங்கள். வயலுக்கு விற்கும் மைக்ரோ நியூட்ரியன்ட் மிக்சரை மட்டும் வாங்க வேண்டாம், அதில் தாமிரம் இருக்கும், நத்தையும் பின்னாளில் நீங்கள் ஆசைப்பட்டு விடப்போகிற இறாலும் அதைத் தாங்காது.

நைட்ரேட்டை அளந்துவிடுவது நல்லது. சொட்டு மருந்து கிட் வாங்கினால் இரண்டாவது பாட்டிலை கை வலிக்கிற அளவுக்கு அரை நிமிடமாவது குலுக்குங்கள், அதில் உள்ள தூள் அடியில் படிந்திருக்கும். குலுக்காமல் ஊற்றினால் நைட்ரேட்டே இல்லை என்று பொய் சொல்லும், அதை நம்பி உரம் போட்டுத் தொட்டியைக் கெடுத்தவர்கள் நிறையப் பேர். தொட்டியை மட்டுமல்ல, போர்த் தண்ணீரையும் தனியாகச் சோதியுங்கள். நம் கொங்குப் பக்கத்துக் கிணறுகள் பலவற்றில் நைட்ரேட் ஏற்கெனவே இருக்கும், குடிநீருக்கு அரசு வைத்திருக்கும் எல்லையே 45 என்பதால், 30 உள்ள தண்ணீரை நல்ல தண்ணீர் என்றுதான் நாம் குடித்துக்கொண்டிருப்போம். தொட்டியில் 10-க்கு மேல் காட்டினால் நைட்ரஜனைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். நிஜமாகவே 5-க்குக் கீழே இருந்தால் மட்டும் அதே உரக்கடையில் 13:0:45 கேளுங்கள், பொட்டாசியம் நைட்ரேட். இதில் நைட்ரஜன் முழுக்க நைட்ரேட்டாகவே இருப்பதால் அம்மோனியா பயம் இல்லை. அரை லிட்டருக்கு அதே 25 கிராம், 7 மில்லி ஊற்றினால் நைட்ரேட் 5 பிபிஎம்முக்குக் கொஞ்சம் கம்மியாக ஏறும், கூடவே பொட்டாசியமும் வரும் என்பதால் அந்த வாரம் 0:0:50-ஐப் பாதியாக்கிக்கொள்ளலாம்.

ஸ்வார்டு பற்றித் தனியாக ஒன்று. அது வேரால் நிறையச் சாப்பிடும் செடி. உங்கள் சரளை வெறும் கல், அதில் ஒன்றும் இல்லை. ரூட் டேப் என்று விற்கும் உருண்டையை வாங்கி, செடியின் குருத்திலிருந்து நான்கு விரல் தள்ளி, இரண்டு அங்குல ஆழத்துக்கு அழுத்திவிடுங்கள், மேலே தெரியக் கூடாது. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும். வாலிஸ்னேரியாவுக்கும் ஆளுக்கு ஒன்று வைக்கலாம். அனுபியாஸுக்கு வேண்டாம், அதன் தடித்த தண்டை மண்ணில் புதைத்தாலே அழுகிவிடும், கல்லிலோ மரக்கட்டையிலோ கட்டிவைத்தால் தண்ணீரிலிருந்தே எடுத்துக்கொள்ளும். சிலர் ஊர்ச் செம்மண்ணில் இரும்பு இருக்கிறதே என்று தோட்டத்திலிருந்து அள்ளி வந்து சரளைக்கு அடியில் போடுகிறார்கள். இரும்பு இருப்பது நிஜம்தான், கூடவே சாண எருவும் பூச்சி மருந்தும் வந்தால் மீன் நிலைமை என்ன? வேண்டாம்.

தண்ணீரையும் கொஞ்சம் மாற்றிப் பார்க்கலாம். வாராவாரம் மாற்றும் தண்ணீரில் பாதி போர், பாதி ஆர்ஓ என்று கலந்து ஊற்றினால் ஓரிரு மாதத்தில் தொட்டியின் டிடிஎஸ் 500 பக்கம் இறங்கிவிடும், ரொட்டாலாவுக்கு அது பெரிய நிம்மதி. முழுக்க ஆர்ஓவுக்குப் போகாதீர்கள், அதில் கால்சியமும் மெக்னீசியமும் இருக்காது, மோலிக்கும் கப்பிக்கும் கடின நீர்தான் பிடிக்கும். அடுக்குமாடிக் குடியிருப்பில் சாஃப்ட்னர் வைத்திருந்தால் அந்தக் குழாய்த் தண்ணீர் வேண்டாம், அது கால்சியத்தை எடுத்துவிட்டுச் சோடியத்தைக் கொடுக்கும் கருவி, செடிக்கு இரண்டு வகையிலும் நஷ்டம்.

அப்புறம் பொறுமை. ஓட்டை விழுந்த இலை எந்த உரம் போட்டாலும் அடையாது, மஞ்சளானது பெரும்பாலும் திரும்பாது, அதைப் பார்த்து உரம் வேலை செய்யவில்லை என்று முடிவுகட்டி அளவை ஏற்றிவிடாதீர்கள். கெட்ட அடி இலைகளை ஒரு நாளைக்கு ஒன்று இரண்டாக அடியோடு வெட்டிவிடுங்கள், கிடந்தால் அழுகி அம்மோனியாவாகும். நீங்கள் பார்க்க வேண்டியது இன்றைக்குப் பிறகு வரும் இலைகளை மட்டும். ரொட்டாலாவின் நுனியில் ஒரு நூலைத் தளர்வாகக் கட்டி வைத்தால் எது பழசு, எது புதுசு என்று குழப்பமே வராது. இரும்பு சரியானால் அந்தச் செடி பத்துப் பன்னிரண்டு நாளிலேயே காட்டும், ஸ்வார்டு மெதுவாகத்தான், புது இலை மூன்று நாலு வந்து முதிர்ந்தால்தான் ஓட்டை விழுகிறதா இல்லையா என்று தெரியும். ஒரே வாரத்தில் இரண்டு உரத்தைப் புதிதாக ஆரம்பிக்காதீர்கள். முதல் வாரம் லைட்டைக் குறைத்துத் தண்ணீரை மாற்றுங்கள், அடுத்த வாரம் பொட்டாசியம், அதற்கடுத்த வாரம் இரும்பு.

இரும்பு ஆரம்பித்து மூன்று வாரம் ஆன பிறகும் நூலுக்கு மேலே வரும் கொழுந்து வெளுப்பாகவே வந்தால், டிடிபிஏயை நிறுத்திவிட்டு 6 சதவீத இடிடிஎச்ஏ வாங்கி அதே 5 கிராம் கணக்கில் கரைத்து 4 மில்லியில் ஆரம்பியுங்கள். அதில் இரும்பு பாதிதான் என்பதால் ஒரு வாரம் பார்த்துவிட்டு 7 மில்லி வரை ஏற்றலாம். ஊற்றினால் தண்ணீர் லேசாகச் சிவந்து தெரியும், மீன்களுக்கு ஒன்றும் ஆகாது, ஓரிரண்டு நாளில் நிறம் மங்கிவிடும்.